அப்பாவுக்கு வெள்ளையடித்த வருடங்கள்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். 'வைட்டன்' என்ற வினைச்சொல்லை எத்தனை பிள்ளைகளின் தலையில் ஏற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு பொருளை வெள்ளையாக்குவதற்கும், அது தானாகவே வெள்ளையாவதற்கும் அந்த ஒரே சொல்தான். பல்லை வைட்டன் பண்ணலாம், துணியைப் பண்ணலாம், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் வெள்ளைத் துணிச் சப்பாத்தைப் பண்ணலாம். வயதானால் முடி தானாகவே வைட்டன் ஆகிவிடும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இவ்வளவும் விளக்கிவிட்டு, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றால், வகுப்பு முழுக்க ஒரே வாக்கியத்தைத்தான் எழுதும்: ஞாயிற்றுக்கிழமை நான் என் சப்பாத்தை வைட்டன் செய்கிறேன். நாற்பது நோட்டுப் புத்தகத்தில் நாற்பது சப்பாத்து. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அதைத் திருத்துவதற்குள் எனக்கு வாழ்க்கையே வெறுத்துவிடும்.

பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கறுப்புச் சப்பாத்து என்று ஆகிவிட்டது. அந்தச் சொல்லும் பிழைப்புத் தேடி மருந்துக்கடைக்குப் போய்விட்டது. இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் கடையில், சோப்பிலிருந்து அக்குளில் தடவும் களிம்புவரை எல்லாவற்றிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது. போன வருடம் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது, கடைப்பெண் என் முகத்தை மேலும் கீழும் பார்த்து, "ஆன்டி, இந்தக் க்ரீம் போட்டுப் பாருங்க, ஒரே மாசத்துல வைட்டன் ஆயிரும்" என்றாள். "முடி ஏற்கெனவே ஆயிருச்சும்மா, அது போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குப் புரியவில்லை. புரியாதவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது.

ஆனால் அந்தச் சொல்லை என் அண்ணன் அளவுக்கு யாரும் வதைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் கடைசியில் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் அவருடைய செய்தி வந்து விழும்: "சாட்டர்டே மார்னிங் வி வைட்டன் டேடி." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அதற்கு முந்தின வாரம், கிள்ளானுக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம்தான். அவரவர் குடும்பம் அவரவர் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டி, பாசியைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டு வரும். திருநாளன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். அப்போது நம் ஆளின் கல்லறை பக்கத்துக் கல்லறையைவிட மங்கலாக இருந்துவிடக் கூடாது. இறந்தவர் மேல் உள்ள பாசத்தைவிட, பக்கத்துக் கல்லறைக்காரன் என்ன நினைப்பான் என்ற கவலைதான் அங்கே அதிகம். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"கல்லறைக்கு அடிப்பது வைட்வாஷ். வைட்டன் அல்ல. அதுவும் டேடியை யாரும் வைட்டன் பண்ண முடியாது, அவர் செத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது" என்று நான் குழுவிலேயே எழுதுவேன். அண்ணன் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போடுவார். அடுத்த வருடம் அதே செய்தி வரும். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நாளெல்லாம் அடுத்தவரை வேலை வாங்கியே பழக்கப்பட்ட மனுஷன். எதிலும் அவசரம். சாப்பாட்டில் மட்டும் நிதானம்.

அம்மா நடமாடிக்கொண்டிருந்தவரை இந்தக் கூத்தெல்லாம் இல்லை. அம்மா இரண்டு டின் எடுத்துப் போவார்கள். பெரியதில் வெள்ளை, சின்னதில் கறுப்பு. கல்லில் செதுக்கியிருந்த அப்பாவின் பெயரைச் சுற்றி வெள்ளையை அடித்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷில் கறுப்பைத் தொட்டு எழுத்தெழுத்தாக நிரப்புவார்கள். அதற்கே அரை நாள் ஆகும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஏம்மா, இந்த வெயில்ல இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று கேட்பேன். அம்மா அடுத்த எழுத்துக்குப் பிரஷ்ஷைத் தொடுவார்கள். அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் அந்தக் கல்லில் ஒரு சுழி பிசகியதில்லை.

பிறகு அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. படி ஏற முடியவில்லை, மேடு பள்ளத்தில் நடக்க முடியவில்லை. அந்த வருடம் அண்ணன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்றால், தொழிற்சாலையில் தனக்குக் கீழே வேலை செய்த ஒரு நேப்பாளக்காரரைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். குளுகுளுவென்று ஏர்கோனைப் போட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கி, "அந்த மரத்துலேருந்து நாலாவது" என்று கையை நீட்டினார். அந்த மனிதர் கையில் ரோலர். சொன்ன வேலையை முழுசாகச் செய்தார். சிலுவை, கல், திட்டு, ஓரக்கட்டை என்று ஓர் அங்குலம் விடாமல் அடித்திருந்தார். இதையெல்லாம் அண்ணனே பிறகு பெருமையாகச் சொன்னதுதான்.

திருநாளன்று நான் கொம்யூட்டர் மின்சார ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய், அண்ணன் நின்ற இடத்தைப் பார்த்து நடந்தேன்; அம்மா பின்னால் போயே பழகியதால் வரிசையெல்லாம் எனக்கு நினைவில்லை. கல்லறை கண்ணைக் கூசவைத்தது. கல்லில் ஓர் எழுத்தைக் காணோம்.

"பேரு எங்கண்ணே?"

"பெயிண்ட் மூடிருச்சு. அடுத்த வருஷம் எழுதிக்கலாம் லா. நம்ம அப்பாவ நமக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சோம்பேறித்தனத்தைப் பற்றி அங்கேயே ஒரு பாடம் எடுத்தேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கேட்டுவிட்டு, அப்பா விரும்பிக் குடித்த ஸ்டவுட் பீர் டின்னைத் திறந்து கல்லறைமேல் ஊற்றினார். அது அவருடைய வருடாந்தர வழிபாடு. நான் ஜெபமாலை சொன்னேன். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அத்தனை பேச்சுப் பேசிய நான், குனிந்து அந்த பெயிண்டை நகத்தால்கூட ஒரு சுரண்டு சுரண்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் பெயர் எழுதவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. வெள்ளைமேல் வெள்ளை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. என் வேலை ரயிலில் வருவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, அண்ணனைக் குறை சொல்வது, ரயிலில் திரும்புவது.

மூன்றாவது வருடம் அம்மா வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தூக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு போனோம். கல்லறைக்கு முன்னால் நிறுத்தினோம். அம்மா ஏறிட்டுப் பார்த்தார்கள்.

"இது இல்லடா" என்றார்கள்.

"என்னம்மா இது இல்ல?"

"உங்க அப்பா இங்க இல்ல. அவரு வேலியோரம்லா படுத்திருக்காரு."

"வேலியத் தள்ளிப் போட்டுட்டாங்கம்மா" என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல். அந்த நொடியில் அவர் புனைந்த பொய் அது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று இன்றைக்கு அவரே ஒப்புக்கொள்கிறார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. வகுப்பில் தப்பான விடை சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பேனே, அதே சிரிப்பை அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில், "ஷி இஸ் கெட்டிங் கன்ஃப்யூஸ்ட்" என்றேன். சுத்தமான ஆங்கிலம். இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

அம்மா கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தோம். ஏற்றவில்லை. ஃபாதர் வந்து போகும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். காரில் ஏற்றும்போது, "வேலியோரம்" என்று இன்னொரு தடவை சொன்னார்கள். மறதி ஆரம்பித்துவிட்டது, இனிமேல் கூட்டிவந்து சிரமப்படுத்த வேண்டாம் என்று நானும் அண்ணனும் முடிவு செய்துவிட்டோம். வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

இந்த வருடம் ஜூலையில் அம்மாவைக் கிள்ளானில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் ஓய்ந்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போனாலும் சில வாரங்கள்தான் என்று டாக்டர் சொன்னார். அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"என்ன அவரு குழியிலயே போடுங்க. வேற எடத்துல தனியா போட்டுறாதீங்க."

எங்கள் கோயிலில் அதற்கு அனுமதி உண்டு. முதலில் அடக்கம் செய்து இத்தனை வருடம் ஆகியிருந்தால், அதே குழியில் கணவனையோ மனைவியையோ வைக்கலாம். கோயில் ஆபீஸில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "கல்லறை நம்பர் இருந்தா குடுங்க அங்கிள். இல்லன்னா கல்லுல பேரு தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றார். அண்ணனிடம் நம்பர் இல்லை. அடக்கம் செய்தபோது கொடுத்த கடிதத்தை வீடு மாறும்போது தொலைத்துவிட்டாராம். கல்லில் பெயர் இருக்கிறது, ஆனால் எட்டு வருட பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது.

மறுநாள் காலை நானும் அண்ணனும் கல்லறைக்குப் போனோம். அவர் கையில் பெயிண்ட் சுரண்டும் தகடு. கார் பூட்டில், முன்யோசனையோடு, ஒரு டின் வெள்ளையும் ரோலரும். "பேரு தெரிஞ்சதும் போட்டோ புடிச்சிட்டு, கையோட புதுசா வைட்டன் பண்ணிரலாம். அம்மா வரப்போற எடம்ல" என்றார். அந்தச் சொல்லைத் திருத்த வாயெடுத்தேன். அம்மா வரப்போகிற இடம் என்பது மனதில் தைத்ததும் அதை விட்டுவிட்டுக் கல்லறைப் பக்கம் நடந்தேன்.

பெயிண்ட் தடிமனாக, ஏடு ஏடாக உரிந்தது. அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. முதலில் ஒரு சிலுவை தெரிந்தது. பிறகு 'அன்பு மகள்' என்று இரண்டு சொல். அண்ணன் தகடை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொத்தனாரு தப்பா செதுக்கிட்டானா?"

இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எங்கள் அண்ணன் ஒருவரால்தான் முடியும். தகடை அவர் கையிலிருந்து பிடுங்கி மீதியை நான் சுரண்டினேன். ஒரு பெண்ணின் பெயர். எங்களுக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத குடும்பப் பெயர். இருபத்து நான்கு வயதில் இறந்திருக்கிறாள், தேடி வர ஆளில்லை போல. எட்டு வருடம் அவளைத்தான் அப்பா என்று கூப்பிட்டோம். எட்டு வருடம் அவள் தலையில்தான் அண்ணன் ஸ்டவுட் ஊற்றினார். நான் அவளுக்குத்தான் ஜெபமாலை சொல்லி, அப்பாவின் ஆத்துமா இளைப்பாறட்டும் என்று மன்றாடினேன். ஒரு கல்லறையைப் படிக்கத் துப்பில்லாத இரண்டு பேரை எங்கள் அப்பா பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைனில் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்து அனுப்பினார்.

"அப்ப டேடி எங்க?" என்றார் அண்ணன். உடனே பக்கத்து மரத்துக்கு ஓடி நாலு எண்ணினார். அது இல்லை. இன்னொரு மரத்துக்குப் போய் நாலு எண்ணினார். அவர் மனதில் வைத்திருந்த மரத்தை, ரோலர் வருவதற்கு முன்பே வெட்டியிருக்க வேண்டும், அன்றைக்கே வேறு மரத்திலிருந்துதான் எண்ணியிருக்கிறார். இப்போது இருப்பது வேறு மரங்கள். அறுபத்தெட்டு வயது மனுஷன் வெயிலில் மரம் மரமாக ஓடிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. யார் மேல் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான் வேலிப் பக்கம் நடந்தேன்.

வேலியோரத்தில் கடைசி வரிசை. லாலாங் புல் முழங்கால் உயரம். அதைக் கையால் விலக்கிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் போனேன். ஐந்தாவது கல்லோ ஆறாவது கல்லோ, நினைவில்லை. சிலுவை பாசி பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. ஓரக்கட்டை வெடித்து, அதற்குள் ஒரு செடி முளைத்திருந்தது. எட்டு வருடமாக யாரும் கையே வைக்காத கல். ஆனால் எழுத்து அப்படியே இருந்தது. பாசியைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்ததும் அப்பாவின் பெயர் முழுசாகத் தெரிந்தது. எழுத்துகளுக்குள் அம்மா நிரப்பிய கறுப்பு. ஒரு சுழிகூட அழியவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எத்தனை பேரை முட்டாள் என்று நினைத்திருக்கிறேன். சப்பாத்து வாக்கியம் எழுதிய பிள்ளைகள், மருந்துக்கடைப் பெண், அண்ணன், கடைசியில் அம்மா. மூன்றாம் வகுப்பு படித்த அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே பார்வையில் சொன்னதை, நான் ஆங்கிலத்தில் தள்ளிவிட்டேன்.

அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்து, தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு நான் போட்டோ எடுத்தேன். ஆபீஸுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில், சரி, இது போதும், அம்மாவுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று பதில் வந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று காருக்குப் போய் டின்னைத் தூக்கி வந்தார்.

"நீ அம்மாகிட்டப் போய்ச் சொல்லு. நான் இங்க சுத்தம் பண்ணிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே, ஸ்க்ரூ டிரைவரால் டின் மூடியை நெம்பினார். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அம்மா விழித்துத்தான் இருந்தார்கள். மூக்கில் குழாய். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வேலியோரம்தாம்மா" என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி. நாங்கதான் வேற எடத்துல..."

அம்மா என்னைப் பார்த்தார்கள். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"எட்டு வருஷமா யாருக்கு மெழுகுவர்த்தி ஏத்துனீங்க?"

"ஒரு சின்னப் பொண்ணும்மா. இருபத்து நாலு வயசு."

"பாவம். அவளுக்காவது ஏத்துனீங்களே" என்றார்கள். மூச்சு வாங்கியது. கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு உங்களப் பாத்து சிரிச்சிட்டேன்மா."

"தெரியும். இங்கிலீஷ்லயும் என்னமோ சொன்ன."

போர்வையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்கண்ணன் எங்க?"

"அங்கதாம்மா இருக்காரு. புல்லெல்லாம் வெட்டி, பெயிண்ட் அடிச்சிட்டு வரேன்னாரு."

அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடி மட்டும் இறுகியது.

"வேணாம்னு சொல்லு. பாசியோட இருக்கட்டும். நீங்க அடிச்சா பேர மூடிருவீங்க. அப்புறம் நான் அங்க கெடப்பேன், நீங்க வேற எவளையாவது அம்மான்னு கும்புட்டுட்டு நிப்பீங்க."

நான் வராந்தாவுக்கு ஓடி வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், முதல் கோட் முடிந்துவிட்டது, கல்லறை பளிச்சென்று இருக்கிறது என்றார்.

"எழுத்து மேலயுமாண்ணே?"

"பின்ன? எல்லாந்தான் லா."